நாற்பது வயதும் நம் வீட்டுக் கணக்கும்



தேயிலைச் செடியை நாம் வளர விட்டுக்கொண்டே இருப்பதில்லை. சில வருஷங்களுக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டிய மலையைப் பார்த்தால் வயிறு எரியும். இலை இல்லை, கொழுந்து இல்லை, வெறும் குச்சிதான் நிற்கும். புதிதாக வந்த பிள்ளை ஒன்று பார்த்தால் "செடி செத்துப் போச்சு" என்று சொல்லும். ஆனால் கத்தி பிடித்தவருக்குத் தெரியும், வேர் உயிரோடு இருக்கிறது என்று. எந்த வாதை வைப்பது, எதை வெட்டுவது என்று பார்த்து வெட்டினால் அடுத்த தளிர் நன்றாக வரும். பார்க்காமல் வெட்டினால் செடி போய்விடும்.

மனிதருக்கு நாற்பது வயதை ஒட்டி வருவதும் ஒரு கவ்வாத்துக் காலம்தான். இந்த இதழில் அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். படித்துவிட்டு மடித்து வைக்காமல், வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் நல்லது. கடைசியில் சில கேள்விகள் கொடுத்திருக்கிறோம்.

நாற்பதில் என்ன நடக்கிறது?

இருபது வயதில் நமக்கு ஒரே ஒரு சுமைதான். நம்முடைய வயிறு. முப்பதில் கல்யாணம், பிள்ளைகள். நாற்பது தாண்டும்போது இரண்டு பக்கமும் சுமை வந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஓ.எல். எழுதும் பிள்ளை. இன்னொரு பக்கம் மலைக்குப் போக முடியாத அப்பா, அம்மா. நடுவில் நாம். போதாததற்கு நம்முடைய முழங்காலும் இடுப்பும் பேசத் தொடங்குகின்றன. தீபாவளி அட்வான்ஸ் அடைத்து முடிப்பதற்குள் கோயில் திருவிழா வருகிறது. அது முடிவதற்குள் பள்ளிக்கூடச் செலவு வருகிறது.

அந்த நேரத்தில்தான் மனதுக்குள் ஒரு கேள்வி வரும். "இவ்வளவு வருஷம் உழைத்தோமே, என்ன மிச்சம்?" இந்தக் கேள்வி வருவது பாவமல்ல. வியாதியும் அல்ல. எல்லா ஊரிலும், எல்லா இனத்திலும், இந்த வயதில் வருகிற கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேடுகிற விதத்தில்தான் குடும்பம் நிமிர்வதும் விழுவதும் இருக்கிறது. சிலர் போத்தலில் தேடுகிறார்கள். சிலர் மனைவியோடு சண்டையில் தேடுகிறார்கள். சிலர் பேசாமல் இருந்து இருந்தே உள்ளுக்குள் உடைந்து போகிறார்கள்.

மருதானையில் நாம் கண்டது

சில காலத்துக்கு முன் நமது தாயாரை வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. அப்போது மருதானையில் ஒரு சிறிய அறையில் பதினொரு நாள் தங்கினோம். மலையகத்து ஆட்களுக்கு மருதானை புதிய இடமல்ல. கோட்டையிலிருந்து மலைநாட்டுக்குப் புறப்படும் ரயில் முதலில் தாண்டுவது மருதானையைத்தான். 1867 இல் கண்டிக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும், 1924 இல் பதுளைக்கும் இந்தப் பாதை போய்ச் சேர்ந்தது. கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கத்தான் பாதை போட்டார்கள். பிறகு அதே பாதையில் நம் பிள்ளைகள் இறங்கத் தொடங்கினார்கள். கடை வேலைக்கும், சாப்பாட்டுக் கடைக்கும், பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் விற்கும் இடங்களுக்கும், வீட்டு வேலைக்கும் வந்தார்கள். இன்றைக்கு மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம் ஆள் வேலை செய்யாத கடைத்தெரு கிடையாது.

நாம் தங்கிய அறைக்குப் பக்கத்தில் நம் பகுதி டிவிஷன் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வயதில் ஊரை விட்டு வந்தவர். இருபத்தேழு வருஷம் சாப்பாட்டுக் கடைகளில் வேலை. முதலில் கோப்பை கழுவினார், பிறகு மாவு பிசைந்தார், இப்போது கொத்து ரொட்டிக் கல்லில் நிற்கிறார். மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மூத்த மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மகன் ஓ.எல். எழுதிவிட்டு லயத்தில் இருக்கிறான். வயதான தாயும் அதே காம்பராவில்.

ஆஸ்பத்திரியில் இருந்த நமது தாயாருக்கு தினமும் காலையில் இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். இரவு கடை மூடிய பிறகு வந்து உட்கார்ந்து பேசுவார். ஒரு நாள் கேட்டோம், "ஊருக்கு அடிக்கடி போவீங்களா?" என்று.

"எங்கங்க ஐயா. வருஷத்துக்கு மூணு தடவ. தீபாவளி, திருவிழா, அப்புறம் யாராச்சும் செத்தா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "காம்பராவ பெருசாக்கணும்னு தான் வந்தேன். இப்ப காம்பராவுல எனக்குப் படுக்க எடமில்ல. போனா இஸ்தோப்புல தான் படுக்கிறேன். புள்ள என்னைய பார்த்தா விருந்தாளியப் பார்த்த மாதிரி எந்திரிச்சு நிக்கிறான்."

இந்த வார்த்தை நம்மைத் தூங்க விடவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்வது நமக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் வீட்டைப் பெரிதாக்கப் போனவருக்கு வீட்டிலேயே இடம் இல்லாமல் போவது எப்படி? அவர் சோம்பேறி அல்ல. குடிகாரர் அல்ல. மாதா மாதம் காசு அனுப்புகிறவர். அப்படியானால் எங்கே கணக்குப் பிசகியது? அந்தப் பதினொரு நாட்களில் பேசிப் பேசி நாம் கண்டவற்றை ஐந்து பாடங்களாகத் தருகிறோம்.

முதல் பாடம்: கடதாசி

"ஈ.பி.எஃப். இருக்கா?" என்று அவரிடம் கேட்டோம். "கடைக்காரங்களுக்கு எல்லாம் அது இல்லீங்களே" என்றார். இது நம்மவர் பலரிடம் உள்ள தவறான எண்ணம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் முதலாளி அவருக்கு நிதி கட்ட வேண்டும். நாட்சம்பளம், தற்காலிகம் என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் 1980 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் தனியாகக் கட்ட வேண்டும். அதை நம் சம்பளத்தில் வெட்டக் கூடாது.

மாதம் 40,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு நம்முடைய 3,200, முதலாளியின் 4,800, ஆக மொத்தம் மாதம் 8,000 ரூபா. ஒரு வருஷத்தில் 96,000 ரூபா. வட்டி வேறு. இருபத்தேழு வருஷம் இப்படி ஒரு சதமும் சேராமல் போனால் அந்தக் குடும்பம் எவ்வளவு இழந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தோட்டத்தில் பெயர் போடும் நமக்கு நிதி கட்டப்படுகிறது. ஆனால் அங்கே வேறு சிக்கல். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், மற்றதில் பின்னால். ஒன்றில் ஒரு எழுத்துக் கூட, மற்றதில் ஒரு எழுத்துக் குறைய. வேலையில் இருக்கும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. 55 வயதில் ஆண்களும் 50 வயதில் பெண்களும் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் தெரியும். அந்த வயதில் சத்தியக் கடதாசிக்கும் பஸ்ஸுக்கும் அலைவதை விட, நாற்பதிலேயே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்துவது மேல். உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கும் பெயரையும் பாருங்கள். செத்துப்போன தகப்பனின் பெயர் இன்னும் அதில் இருக்கலாம்.

பணிக்கொடை பற்றியும் ஒரு வார்த்தை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் பூர்த்தி செய்தவருக்கு அது உரியது. நாட்சம்பளக்காரருக்கு சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால் 14 நாளுக்கு 18,900 ரூபா, இருபது வருஷத்துக்கு 3,78,000 ரூபா. கடைசியாக வாங்கும் சம்பளத்தில்தான் கணக்குப் போடுவார்கள். எனவே உங்கள் சம்பளத் துண்டில் இன்றைக்கு உள்ள தொகையைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கடதாசிகளை எல்லாம் ஒரு தடித்த பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. உயிர் தப்பியதே பெரிது என்று உடுத்த துணியோடு ஓடிய குடும்பங்கள் உண்டு. பிறகு உதவி கேட்டுப் போகும்போது எல்லா மேசையிலும் முதலில் கேட்டது அடையாள அட்டையைத்தான்.

இரண்டாம் பாடம்: கடன்

கடன் வாங்காத குடும்பம் தோட்டத்தில் இல்லை. கடன் வாங்குவது குற்றமும் இல்லை. ஆனால் எந்தக் கடன், எதற்குக் கடன் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நூற்றுக்குப் பத்து வட்டி என்று சொல்வார்கள். கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். 50,000 ரூபாவுக்கு மாதம் 5,000 வட்டி. ஒரு வருஷத்தில் 60,000 ரூபா கட்டிவிடுவோம். அதாவது வாங்கிய காசை விடக் கூடுதலாகக் கட்டியாகிவிட்டது. ஆனால் முதல் 50,000 அப்படியே நிற்கும்! இது வருஷத்துக்கு நூற்றுக்கு நூற்றிருபது வட்டி. இப்படியொரு கடன் வீட்டில் இருக்கும்போது சீட்டுக் கட்டுவதும், டிவி மாற்றுவதும், திருவிழாவுக்கு ஊருக்கே சோறு போடுவதும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

மருதானை நண்பர் மாதா மாதம் அனுப்பிய காசில் பாதிக்கு மேல் இப்படி வட்டிக்குப் போயிருக்கிறது. 2022 இல் மாவு விலை ஏறி, வேலையும் குறைந்த நேரத்தில் மனைவி வாங்கிய கடன். கணவருக்குத் தெரியாது. சொன்னால் கோபிப்பார் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இருவரும் நல்லவர்கள்தான். நடுவில் ஒரு கணக்குக் கொப்பி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் வீட்டில் உள்ள எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்த நகை எங்கே ஈட்டில் இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். வட்டி கூடிய கடனை முதலில் அடையுங்கள். வீடு கட்டவோ திருத்தவோ, பெரிய வைத்தியத்துக்கோ காசு தேவைப்பட்டால், வட்டிக்காரரிடம் போகுமுன் சேமலாப நிதியைப் பற்றி விசாரியுங்கள். பத்து வருஷம் பங்களித்து, கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், அதில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்பே எடுக்க இடமுண்டு. ஆனால் அது கிழவயதுச் சோறு. கல்யாணச் சாப்பாட்டுக்காக அதில் கை வைக்க நினைக்க வேண்டாம்.

மூன்றாம் பாடம்: உடம்பு

நமது தாயாரின் கதையைச் சொல்கிறோம். முப்பத்தெட்டு வருஷம் மலையேறியவர். சீனி வியாதி இருந்தது. காலில் ஒரு கல் வெட்டிய காயம் வந்தது. சீனி உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும், காயம் வலிக்காது. வலிக்காததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோது, "ஒனக்கே ஆயிரம் செலவு. இதுக்கு வேற எதுக்குடா காசு?" என்றார். கொழும்பில் இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகு எட்டு மாதம் நம்மோடு இருந்தார்.

நம் தோட்டத்துத் தாய்மார் எல்லாருக்கும் இந்தக் குணம் உண்டு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். எல்லாருக்கும் மருந்து எடுத்துவிட்டுத் தங்களுக்கு எடுக்க மாட்டார்கள். இதைத் தியாகம் என்று நாம் புகழ்கிறோம். புகழ்வதை விட, கையைப் பிடித்து கிளினிக்குக் கூட்டிப் போவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

35 வயது தாண்டிய யாரும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரஷர், சீனி, கொழுப்பு முதலியவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பெண்கள் 35 வயதிலும் 45 வயதிலும் வெல் வுமன் கிளினிக்குக் கட்டாயம் போக வேண்டும். கர்ப்பப்பை வாசல் புற்றுநோய் வருமுன் கண்டுபிடிக்கும் பரிசோதனை அங்கே செய்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மிட்வைஃப் அம்மாவிடம் கேட்டால் நாள் சொல்வார். சீனி உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அதற்குக் காசு இல்லை.

மனதும் உடம்பின் பகுதிதான். தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற எண்ணம் வந்தால் அதை மறைக்க வேண்டாம். தோட்டத்தில் இப்படிப் பேசுகிறவரைப் பார்த்து "சும்மா பயம் காட்டுறான்" என்று சொல்வது வழக்கம். அப்படி ஒருநாளும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள். கிருமிநாசினி மருந்து, கயிறு போன்றவற்றைக் கண்ணிலிருந்து எடுத்து வையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். டிஸ்பென்சரியிலும் சொல்லலாம். நம்மிடமும் சொல்லலாம். நாம் யாரிடமும் சொல்ல மாட்டோம்.

நான்காம் பாடம்: பிள்ளை

மருதானை நண்பரின் மகன் ஓ.எல். எழுதியிருந்தான். கணக்கில் மட்டும் தவறிவிட்டது. "நானும் கொழும்புக்கு வரேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். முதலாளியும் "மகன கூட்டிட்டு வா, கல்லாவுல நிக்க வைப்போம்" என்று சொன்னாராம். வீட்டுக்கு இரண்டாவது சம்பளம். கடன் சீக்கிரம் அடையும். தகப்பன் மனம் ஆசைப்பட்டது. தாய்க்கு மனமில்லை. "ஒங்கள மாதிரியே அவனும் விருந்தாளியாப் போயிருவான்" என்று சொல்லி அழுதிருக்கிறார்.

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பசிக்கிற வீட்டுக்கு வந்து "படிக்க வை" என்று வெறும் வாயால் சொல்லிவிட்டுப் போவது எளிது. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். 2021 இல் வேலைக்கு வைக்கும் குறைந்த வயதும் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயது வரை ஆபத்தான வேலைகளுக்கு வைக்கக் கூடாது. பிள்ளைக்கு எங்காவது கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

இந்தப் பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. ஆகவே இது சட்டத்தின் கேள்வி அல்ல, வீட்டின் கேள்வி. நாம் நண்பரிடம் ஒன்றுதான் சொன்னோம். அவர் வேலை செய்யும் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1893 இல் தொடங்கிய இடம். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இருபத்தேழு வருஷமாகக் கொத்து ரொட்டி போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த வாசலுக்குள் ஒரு தடவையும் போனதில்லை. "அதெல்லாம் பெரிய எடத்துப் புள்ளைங்களுக்கு" என்று நினைத்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் நாமும் போய் விசாரித்தோம். எல்லாப் படிப்புக்கும் ஏ.எல். வேண்டியதில்லை. ஓ.எல். உடன் சேரக்கூடிய தொழில் பயிற்சிகள் உண்டு. முடித்தால் என்.வி.கியூ. சான்றிதழ். அது இருந்தால் எந்தக் கராஜிலும், எந்த ஹோட்டலிலும், வெளிநாட்டிலும் மதிப்பு வேறு. கொழும்புக்கு வர முடியாதவர்களுக்கு ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் உண்டு. விசாரிக்கக் காசு கேட்க மாட்டார்கள்.

திரும்பி வரும்போது நண்பர் வெகு நேரம் பேசவில்லை. கடை வாசலில் நின்று, "இம்புட்டுக் கிட்டத்துல இருந்திருக்கு ஐயா" என்றார். மகனுக்கு மின்சார வேலையில் ஆசையாம். தவறிய கணக்குப் பாடத்தை மறுபடி எழுதவும், பயிற்சிக்கு விண்ணப்பம் போடவும் தீர்மானித்திருக்கிறார்கள். இதை எழுதும் நாளில் பதில் வரவில்லை. கிடைக்குமா கிடைக்காதா என்று நாம் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒரு வழிதான் இருக்கிறது என்று நினைத்த வீட்டில் இப்போது இரண்டு வழி இருக்கிறது.

ஐந்தாம் பாடம்: நம்பிக்கை

மருதானை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கப்பித்தாவத்தை கைலாசநாதர் கோயில் இருக்கிறது. கொழும்பின் மிகப் பழைய சைவக் கோயில்களில் ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே போனோம். பூசை மணி அடிக்கும்போதே ரயில் சத்தமும் கேட்கும். கண்ணை மூடி நின்றவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் யாரையோ படுக்க வைத்துவிட்டு வந்தவர்கள் போலத் தெரிந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் ஒரு அம்மா தன் அர்ச்சனைத் தட்டிலிருந்த பூவில் பாதியை நம் கையில் வைத்து, "ஆத்தாவுக்குக் கொண்டுபோய்க் குடு தம்பி" என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படித்தான் தெரிந்ததோ.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலையும் நீங்கள் அறிவீர்கள். செவ்வாய்க்கிழமையில் எல்லாச் சமயத்தாரும் அங்கே மெழுகுதிரி கொளுத்துவார்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று அந்த ஆலயத்துக்குள் குண்டு வெடித்தது. கும்பிட வந்தவர்கள் கும்பிட்ட இடத்திலேயே மாண்டார்கள். அதே வருஷம் ஜூன் மாதம் ஆலயத்தை மறுபடி திறந்தார்கள். மக்கள் மறுபடி வந்தார்கள். உறவுகளை இழந்தவர்களும் வந்தார்கள். துன்பமே வராது என்று எண்ணி அவர்கள் வரவில்லை. துன்பத்தோடு நிற்பதற்கு ஒரு இடம் வேண்டும் என்றுதான் வந்தார்கள்.

நம்பிக்கை என்பது இதுதான் என்று நமக்குப் படுகிறது. சாமி கும்பிட்டால் கடன் தானாக அடையாது. நேர்த்தி வைத்தால் சீனி குறையாது. மருந்தை நிறுத்திவிட்டுத் தாயத்துக் கட்டச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கடன் வாங்கி நேர்த்தி செய்வதை மாரியம்மாளும் கேட்கவில்லை, மாதாவும் கேட்கவில்லை. ஆனால் வேலையெல்லாம் செய்து முடித்த பிறகும் மனதில் ஒரு பாரம் மிஞ்சும். அதை இறக்கி வைக்க மனிதருக்கு ஒரு திண்ணை வேண்டும். மாலையில் விளக்கேற்றி ஐந்து நிமிஷம் குடும்பமாக ஒன்றாக இருந்தால், அந்த ஐந்து நிமிஷமாவது டிவி நிற்கும், சண்டை நிற்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இனி என்ன குறிக்கோள்?

"நாப்பத்தஞ்சு ஆச்சு. இனிமே என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1887 இல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த கோ. நடேசய்யர் நம் தொழிலாளருக்கென்று அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனில் தொடங்கியது 1931 இல். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அதற்கு முன் பத்திரிகை நடத்தினார், கொழும்பில் தொழிற்சங்கத்தில் இருந்தார், கருத்து வேறுபட்டுப் பிரிந்தார். மனைவி மீனாட்சி அம்மையும் கூடவே தோட்டம் தோட்டமாக வந்து பாட்டுப் பாடித் தொழிலாளரைக் கூட்டினார். நாற்பது தாண்டிய ஒருவரும் அவர் மனைவியும் சேர்ந்து எடுத்த காரியம் அது.

நாமெல்லாரும் சங்கம் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. நம் குறிக்கோள் சின்னதாக இருக்கலாம். "அடுத்த தீபாவளிக்குள் வட்டிக் கடன் ஒன்றை முடிப்போம்." "மகள் ஏ.எல். முடிக்கும் வரை கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டோம்." "அம்மாவை மாதா மாதம் கிளினிக்குக் கூட்டிப் போவோம்." ஒரு வருஷத்துக்கு ஒன்று போதும். ஆனால் அது இருவரும் சேர்ந்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஒருவர் மருதானையில் இருந்து ஒரு கனவும், மற்றவர் மலையில் இருந்து இன்னொரு கனவும் கண்டால் காசு இரண்டு பக்கமும் சிதறும்.

மருதானை நண்பர் இப்போது ஒவ்வொரு ஞாயிறு இரவும் போனில் மனைவியோடு கணக்குக் கொப்பியைப் பார்க்கிறார். மாதம் ஒரு தடவை, இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கி ஊருக்கு வருகிறார். முதலாளி அந்த மாதம் முதல் அவருக்கு நிதி கட்டச் சம்மதித்துவிட்டார். பழைய வருஷங்களுக்குத் தொழில் திணைக்களத்தில் முறையிட்டிருக்கிறார். அது நீண்ட வழி. கடன் இன்னும் முடியவில்லை. இஸ்தோப்பில்தான் படுக்கிறார். ஆனால் போன தடவை மகனும் பாயை எடுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டானாம்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் உள்ள எல்லாக் கடனும் கணவன், மனைவி இருவருக்கும் தெரியுமா? எதற்கு வட்டி அதிகம்?

2. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், செக்ரோல் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? சேமலாப நிதிக்கு யார் பெயரைக் கொடுத்திருக்கிறோம்?

3. வீட்டில் 35 வயது தாண்டியவர்களில் கடைசியாக யார், எப்போது பிரஷரும் சீனியும் பார்த்தார்கள்? பார்க்காதவர் யார்?

4. ஓ.எல். முடித்த பிள்ளைக்கு என்ன ஆசை என்று கேட்டிருக்கிறோமா? கேட்டுவிட்டு அவன் பேசி முடிக்கும் வரை இருந்தோமா?

5. வெளியூரில் வேலை செய்கிறவர் வீட்டுக்கு வந்தால், காசை மட்டும் கேட்கிறோமா, அவர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்கிறோமா?

6. இந்த வருஷம் நாம் இருவரும் சேர்ந்து முடிக்கப் போகும் ஒரு காரியம் என்ன? அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்து வையுங்கள். எழுதத் தெரியாதவர் பெருவிரலை வைக்கலாம். அதுவும் கையெழுத்துத்தான்.

பெயர்த் திருத்தம், நிதிக் கணக்கு, கிளினிக் நாள் முதலிய எதற்கும் உதவி தேவைப்பட்டால் பிரட்டு முடிந்ததும் நலன்புரி ஆபீசுக்கு வாருங்கள். கடதாசிப் பையையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.